பிள்ளையின் அடமும் கணவரின் ஆத்திரமும்

திருப்பூர் பக்கத்திலிருந்து 31 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு மூன்றரை வயதில் ஒரு மகன். கணவர் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். காலையில் போனால் இரவு பத்து மணிக்குத்தான் திரும்புவார். மாமியாரும் உடன் இருக்கிறார். மகன் கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து கைகாலை உதைத்து உருள்கிறான். கடை, கல்யாண மண்டபம், பஸ் என்று இடம் பார்ப்பதில்லை. செல்போனைக் கொடுத்தால் அடங்குகிறான். இரண்டு மாதத்துக்கு முன்பு வீறிட்டு அழுதவன் மூச்சு வாங்காமல் உதடு நீலமாகி, சில நொடிகள் துவண்டு விழுந்துவிட்டான். பக்கத்து வீட்டார் ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள். மந்திரித்துக் கயிறு கட்டியாகிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் யாரும் அவனிடம் 'இல்லை' என்று சொல்வதில்லை.

கடிதத்தின் இரண்டாம் பாதி கணவரைப் பற்றியது. பொங்கலுக்குப் பிறகு நான்கு முறை பெரிதாக வெடித்திருக்கிறார். இரண்டு முறை சாப்பாட்டுத் தட்டு சுவருக்குப் போனது. ஒருமுறை மனைவியின் செல்போனை உடைத்தார். கடைசிச் சண்டையில் தோளைப் பிடித்துத் தள்ளியதில் இவர் கதவில் மோதிக்கொண்டார். மறுநாள் அழுது மன்னிப்புக் கேட்பார், பரோட்டா வாங்கி வருவார். "கோபம் இருக்கற எடத்துலதான் குணம் இருக்கும், நீ வாயை மூடிட்டு இருந்தா அவன் எதுக்குக் கத்தறான்" என்கிறார் மாமியார். கோபத்தை உள்ளே அடக்கினால் பிரஷர் வரும் என்று நண்பர் ஒருவர் கணவருக்குச் சொல்லியிருக்கிறாராம்.

இவர் கேட்பவை: "இது ரத்தத்துலயே இருக்குதா? பையன் அவங்கப்பனாட்டவே வந்துட்டானா? அவருக்கு இருக்கறது நோயா? நான் இன்னும் பொறுமையா இருந்தா ரெண்டு பேரும் மாறுவாங்களா? அம்மா வீட்டுக்குப் போனா பையனைப் பிடுங்கிக்குவாங்களா?" எல்லாவற்றுக்கும் கீழே, கையெழுத்துக்குப் பிறகு ஒரு வரி: "போன வாரம் நானே அவனைக் கரண்டியால அடிச்சிட்டேன்."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் முழுக்க மகனும் கணவரும் சேர்ந்தே வருகிறார்கள். 'ரெண்டு பேரையும் சமாளிக்க முடியலை' என்று எழுதுகிறீர்கள். முதலில் இந்த இருவரையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சத்தம், எறிதல், அப்புறம் அழுகை. ஆனால் உங்கள் மகனுக்குத் தன்னை அடக்கிக்கொள்ளும் திறன் இன்னும் வளரவில்லை. கணவருக்கு அது வளர்ந்துவிட்டது, வீட்டில் அவர் அதைப் பயன்படுத்துவதில்லை. உங்கள் பொறுமை மகனுக்குத் தேவை. கணவரின் கோபத்துக்கு உங்கள் பொறுமை மருந்தாகாது.

ஆகவே இரண்டையும் தனித்தனியாகவே பேசுகிறேன். உங்களை அதிகம் உலுக்கியது அந்த நீல உதடு என்பதால் அங்கிருந்து தொடங்கலாம்.

மூச்சு நின்ற அந்தச் சில நொடிகள்

நீங்கள் விவரித்திருப்பது குழந்தை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் ஒன்று, அழுகையில் வரும் 'மூச்சுப் பிடிப்பு' (breath-holding spell). ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையான குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேருக்கு வருகிறது. வீறிட்டு அழும்போது மூச்சு முழுவதும் வெளியே போய்விடுகிறது, உள்ளே இழுப்பது ஒரு கணம் தடைப்படுகிறது. உதடு நீலமாகும், உடம்பு விறைக்கும் அல்லது துவளும், சிலருக்குக் கைகால் இரண்டு மூன்று முறை வெட்டும். பிறகு மூச்சு தானாகவே திரும்பிவிடும். பெற்றவர்களுக்கு அது ஒரு யுகம்போல இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மூளைக்குப் பாதிப்பு இல்லை. அவன் வேண்டுமென்று மூச்சைப் பிடிப்பதும் இல்லை. அது அனிச்சைச் செயல்.

மறுபடி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பக்கத்தில் கூர்மையான பொருள் இருந்தால் அகற்றுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், உலுக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். சாவிக்கொத்தால் எந்தப் பயனும் இல்லை, அது வலிப்பாகவே இருந்தாலும் இல்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் நினைவு திரும்பாவிட்டாலோ, அழுகை, அடி, பயம் எதுவுமே இல்லாமல் சும்மா இருக்கும்போது விழுந்தாலோ 108ஐ அழையுங்கள். ஒருமுறைதான் வந்திருக்கிறது என்றாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். வலிப்போ இதயத் துடிப்பில் கோளாறோ இல்லை என்று அவர் பார்த்து உறுதி செய்யட்டும்.

போகும்போது இதையும் சொல்லுங்கள். "சோறு சாப்பிடவே மாட்டான், பாட்டில் பால் மட்டும் அஞ்சாறு தடவை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமாகப் பட்ட வரிகளில் இதுவும் ஒன்று. பால் மட்டுமே குடித்து வயிற்றை நிரப்பும் குழந்தைக்கு இரும்புச்சத்து குறைந்துவிடும். இரும்புச்சத்துக் குறைவுக்கும் இந்த மூச்சுப் பிடிப்புக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இரும்புச்சத்து மருந்து கொடுத்ததும் மூச்சுப் பிடிப்பது வெகுவாகக் குறைகிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். குறைபாடுள்ள குழந்தை சும்மாவே எரிச்சலாக, சிணுங்கலாக இருக்கும். இது அரிதானதும் இல்லை. 2019-21இல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது.

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) இரண்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்தின் அளவை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இரும்பு டானிக்கைக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அளவு மிஞ்சினால் குழந்தைக்கு ஆபத்து. பாலை மெல்ல மெல்லக் குறைத்து நாளொன்றுக்கு அரை லிட்டருக்குள் கொண்டுவாருங்கள், பாட்டிலை விட்டு டம்ளருக்கு மாற்றுங்கள். பசி வந்தால்தான் சோறு இறங்கும். கயிறு கையில் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காக மாமியாருடன் சண்டை வேண்டாம்.

அவன் ஏன் இப்படி உருள்கிறான்

ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயது வரை அடம் பிடிக்காத குழந்தையே அபூர்வம். அவனுக்கு வேண்டியது என்ன என்று அவனுக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் காத்திருக்கத் தெரியாது, ஏமாற்றத்தைத் தாங்கத் தெரியாது, கோபத்தைச் சொல்லாக மாற்றத் தெரியாது. இவற்றைச் செய்யும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர இருபது வயதையும் தாண்டிவிடும். மூன்றரை வயதுக்காரனிடம் அது அப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

அமெரிக்காவில் மைக்கேல் பொடெகாலும் அவருடைய சகாக்களும் ஒன்றரை முதல் ஐந்து வயது வரையுள்ள 335 குழந்தைகளின் அடத்தைப் பெற்றோர் எழுதிக்கொடுத்த விவரங்களிலிருந்து ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவை ஐந்து நிமிடத்துக்குள் முடிந்திருந்தன. அதைவிட முக்கியமான ஒன்றையும் கண்டார்கள். கத்தல், உதைத்தல், எறிதல் எல்லாம் ஆரம்பத்திலேயே உச்சத்துக்குப் போய்க் குறைந்துவிடுகின்றன. விசும்பலும் ஆறுதல் தேடுவதும் கடைசிவரை இருக்கின்றன. அதாவது, கோபத்துக்கு அடியில் முழு நேரமும் துக்கமும் ஓடுகிறது. உச்சத்தில் இருக்கும்போது நீங்கள் சொல்லும் நியாயம் அவன் காதில் ஏறாது. கோபம் வடிந்து விசும்பும்போது மடியில் எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுப்பது செல்லம் கொடுப்பதாகாது. கேட்ட பொருளைக் கொடுப்பது வேறு, ஆறுதல் கொடுப்பது வேறு. உங்கள் வீட்டில் இப்போது பொருள் கிடைக்கிறது, ஆறுதல் கிடைப்பதில்லை.

உங்கள் வீட்டு நேரத்தையும் பாருங்கள். அப்பா வரும்வரை விழித்திருந்து பதினொன்றரைக்குத் தூங்குகிறான், ஏழு மணிக்கு எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புகிறீர்கள், மதியத் தூக்கமும் இல்லை என்கிறீர்கள். ஏழரை மணி நேரம். மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குப் பத்திலிருந்து பதின்மூன்று மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. தூக்கம் போதாத பிள்ளை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடையில் உருண்டால் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அப்பா முகத்தை அவன் காலையில் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்பது மணிக்கு விளக்கை அணையுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் மாற்ற முடியும் என்றால் நான் இதைத்தான் மாற்றச் சொல்வேன்.

செல்போன்

நீங்கள் நினைப்பதுபோல போன் அடத்தை நிறுத்துவதில்லை. அன்றைய அடத்தை நிறுத்துகிறது, நாளைய அடத்தை வளர்க்கிறது. எத்தனை நேரம் கத்தினால் கிடைக்கும் என்று அவன் உடம்பு கற்றுக்கொள்கிறது. அதிலும் மோசமானது, நீங்கள் பல முறை மறுத்துவிட்டு, கூட்டத்தில் மானம் போகிறதே என்று ஒருமுறை கொடுப்பது. லாட்டரி வாங்குபவர் எப்போதாவது ஒரு சிறு பரிசு விழுந்ததற்காக வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருப்பாரே, அப்படித்தான் பிடிவாதம் வேரூன்றும். எப்போதும் கொடுக்கிற வீட்டைவிட, சில சமயம் கொடுக்கிற வீட்டில் அடத்தை விடவைப்பது கடினம்.

அதனால் போனுக்கு ஒரு நேரம் வையுங்கள். இந்த வயதுக்கு ஒரு மணி நேரமே உச்ச வரம்பு, குறைவாக இருந்தால் நல்லது. அந்த நேரத்தில் அவன் அழாமலேயே கொடுங்கள். முடிக்கப்போகும் முன் சொல்லுங்கள்: "இந்தப் பாட்டு முடிஞ்சதும் அம்மாகிட்ட குடுத்துடணும்." நிமிடக் கணக்கு அவனுக்குப் புரியாது, பாட்டு முடிவது புரியும். அழுகைக்காக ஒருபோதும் கொடுக்காதீர்கள். மாமியாரும் இதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் மறுப்பதை அவன் அவரிடம் வாங்கிவிடுவான். அவருடைய பயம் மூச்சு நின்றுவிடுமோ என்பதுதான். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். நீங்கள் பத்து முறை சொல்வதை மருத்துவர் ஒருமுறை சொன்னால் போதும்.

முதல் ஒன்றிரண்டு வாரம் அவன் முன்பைவிட அதிகமாகக் கத்துவான். இதுவரை வேலை செய்த வழி திடீரென்று அடைபட்டால் எந்தக் குழந்தையும் இன்னும் பலமாகத் தட்டிப் பார்க்கும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகள் விட்டுக்கொடுத்துவிடுகின்றன, அதனால் நிலைமை முன்பைவிட மோசமாகிவிடுகிறது. விட்டுக்கொடுக்காமல் இருக்க முடியும் என்று தோன்றும் வாரமாகப் பார்த்துத் தொடங்குங்கள், வீட்டில் விசேஷம் இருக்கும் வாரம் வேண்டாம்.

உருளும்போது அவனுக்கு அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்காருங்கள். "உனக்குக் கோபம். போன் வேணும்னு தோணுது. இப்ப இல்ல. அம்மா இங்கயே இருக்கேன்." இவ்வளவு போதும். திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம். கடையில் என்றால் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை அந்த ஐந்து நிமிடம் தள்ளிவையுங்கள். அவர்களும் பிள்ளை வளர்த்தவர்கள்தான்.

இது வெறும் அடம் இல்லை என்று எப்போது நினைக்க வேண்டும்

அமெரிக்காவில் மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. மருத்துவ உதவி தேவைப்படக்கூடிய குழந்தைகளிடம் சில அடையாளங்களை அது கண்டது. தலையை மோதுவது, தன்னையே கடிப்பது போலத் தன்னைக் காயப்படுத்திக்கொள்வது. பெரும்பாலான தடவை மற்றவர்களை அடிப்பது அல்லது பொருள்களை உடைப்பது. வழக்கமாக 25 நிமிடத்துக்கு மேல் நீடிப்பது. பல நாட்கள், நாளைக்கு ஐந்து தடவைக்கு மேல் வருவது. எவ்வளவு நேரம் ஆனாலும் தானாக அடங்கத் தெரியாமல் இருப்பது. உங்கள் மகன் பத்து நிமிடத்தில் அடங்குகிறான், யாரையும் கடிப்பதில்லை, பள்ளியில் டீச்சரிடம் சமர்த்தாக இருக்கிறான் என்கிறீர்கள். இவை நல்ல அறிகுறிகள்.

மற்ற வாசகர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். மூன்று வயதில் வாக்கியமாகப் பேசாத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, மிக்ஸி சத்தத்துக்கோ சட்டையின் லேபிளுக்கோ நிலைகுலையும் பிள்ளை அடம் பிடித்தால் அதை அடம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். காது, பேச்சு, வளர்ச்சி மூன்றையும் பரிசோதியுங்கள். அரசு மருத்துவமனைகளோடு இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை.

ரத்தத்தில் இருக்கிறதா?

சட்டென்று கொதிக்கும் சுபாவத்தில் பரம்பரைக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. ஆனால் உங்கள் மகன் உருள்வதற்கு அப்பாவைக் காரணம் காட்ட வேண்டியதில்லை. குரலே உயர்த்தாத அப்பாக்களின் பிள்ளைகளும் இந்த வயதில் உருள்கிறார்கள். நான் கவலைப்படும் இடம் வேறு. போன வாரம் டம்ளரை எறிந்துவிட்டு, உங்களைப் பார்த்துக் கையை நீட்டி "தொலைச்சுப்புடுவேன்" என்றானே, அது இந்த வயது கொடுத்தது இல்லை. அது கேட்டுக் கற்றது. நல்ல செய்தியும் அதிலேயே இருக்கிறது. கற்றதை மாற்ற முடியும், கற்றுக்கொடுப்பவர் மாறினால்.

கணவரைப் பற்றி

முதலாளி எல்லார் முன்னிலையிலும் திட்டினாலும் அவர் கம்பெனியில் ஒரு வார்த்தை பேசமாட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கம்பெனியில் எதையும் எறிந்ததும் இல்லை. உடைத்தது உங்கள் போனை, அவருடைய போனை இல்லை. ஆகவே 'கோபம் வந்தா அவருக்குக் கண்ணு தெரியாது' என்பது சரியில்லை. யாரிடம், எங்கே வெடிக்கலாம் என்பது அவருக்குத் தெரிகிறது. அவர் நடிக்கிறார் என்று இதற்கு அர்த்தமில்லை. பன்னிரண்டு மணி நேர வேலை, ஷிப்மென்ட் நெருக்கடி, அவமானம் எல்லாம் நிஜம். அவர் அழுவதும் நிஜமாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சுமையை இறக்கிவைக்கும் இடமாக உங்களையும் ஒரு சின்னப் பிள்ளையையும் தேர்ந்தெடுக்க அவருக்கு உரிமை இல்லை.

'நீ அமைதியா இருந்தா அவன் கத்தமாட்டான்' என்பதை நீங்களும் பாதி நம்புகிறீர்கள். அவர் வெடித்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதை மறுபடி படியுங்கள். ஒருநாள் சாம்பார் ஆறியிருந்தது. ஒருநாள் பிள்ளை அழுதான். ஒருநாள் நீங்கள் எதுவுமே பேசவில்லை, அதற்காகவே கோபம். அவர் வெடிக்காதபடி நீங்கள் நடந்துகொள்ள எந்த வழியும் அங்கே இல்லை. மறுநாள் பரோட்டா, மன்னிப்பு, ஒரு வாரம் அமைதி. நீங்கள் விட்டுக்கொடுத்து அன்றைய சத்தத்தை நிறுத்துகிறீர்கள், அடுத்த முறையும் அது வருகிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் மகனைப் போலத்தான்.

நண்பர் சொன்னதும் தவறு. ஆத்திரத்தை வெளியே கொட்டினால் தணியும் என்பதை அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் சோதித்துப் பார்த்து 2002இல் வெளியிட்டார். தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் குறையவில்லை, கூடியது. எறிந்து பழகினால் எறிவது சுலபமாகும், அவ்வளவுதான். கோபத்தை உள்ளே புழுங்கவைப்பதும் தீர்வில்லை. உடம்பின் படபடப்பு தணிய இருபது நிமிடமாவது வேண்டும். அதுவரை இடத்தைவிட்டு நகர்ந்து, மனசுக்குள் சண்டையை ஓட்டாமல் வேறு வேலை பார்த்துவிட்டு, திரும்பி வந்து பேசுவதுதான் வழி.

இது நோயா என்று கேட்டீர்கள். இருக்கலாம். ஒரு வருடத்துக்குள் மூன்று முறையாவது பொருளை உடைக்கும் அல்லது காயப்படுத்தும் அளவுக்குத் திடீர் வெடிப்பு வந்தால், அல்லது மூன்று மாதமாக வாரம் இரண்டு முறை வசவும் கூச்சலும் இருந்தால், வேறு காரணம் இல்லாத பட்சத்தில் மனநல மருத்துவம் அதைத் தனிக் கோளாறாகவே வகைப்படுத்துகிறது. மனச்சோர்வு ஆண்களுக்கு அழுகையாக வராமல் எரிச்சலாக வருவது சகஜம். தூக்கக் குறைவு, தைராய்டு, சனிக்கிழமை சம்பளத்தோடு வரும் குடி, எல்லாமே கோபத்தைக் கிளறும். எது என்பதை ஒரு மனநல மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். அவசரத்தைத் தள்ளிப்போடப் பழக்கும் உளவியல் சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும் நன்றாகவே உதவுகின்றன. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 'பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டரா' என்று அவர் முறைத்தால், பொது மருத்துவரிடம் பிரஷர், சர்க்கரை, தைராய்டு பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.

பேசுவதற்கு நேரம் பாருங்கள். கோபத்தில் இருக்கும்போது வேண்டாம், குடித்திருக்கும்போது வேண்டவே வேண்டாம். அவர் மன்னிப்புக் கேட்டு அழும் அந்த மறுநாள்தான் சரியான நேரம். நீங்கள் வழக்கமாக 'சரி விடுங்க' என்று சொல்லும் இடத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள்: "உங்க மன்னிப்பை ஏத்துக்கறேங்க. ஆனா டாக்டரைப் பாக்கணும், இந்த வாரமே. இனிமே நீங்க கத்த ஆரம்பிச்சா நான் பையனைத் தூக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிடுவேன், அரை மணி நேரம் கழிச்சு வந்து பேசறேன்." மிரட்டலாகச் சொல்லாதீர்கள், தகவலாகச் சொல்லுங்கள். அப்புறம் சொன்னபடி செய்யுங்கள். அவர் உண்மையிலேயே வருந்துகிறாரா என்பதற்கு அளவுகோல் பரோட்டா இல்லை, டாக்டர் சீட்டு.

இப்படிச் சொல்வதே உங்களை அடிக்கத் தூண்டும் என்று பயமாக இருந்தால் சொல்லாதீர்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். அப்படியானால் நேராக அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

உங்கள் உரிமைகள்

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் என்னிடம் வரும் பெண்களில் பலர் சட்டம் என்றதும் 'போலீஸ், விவாகரத்து' என்று நினைத்துப் பின்வாங்குகிறார்கள் என்பதால் அடிப்படையைச் சொல்கிறேன். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அடியை மட்டும் வன்முறை என்று சொல்வதில்லை. தள்ளுவது, அவமானப்படுத்துவது, மிரட்டுவது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பது எல்லாம் அதில் அடங்கும். விவாகரத்துக் கேட்காமலேயே பாதுகாப்பு ஆணை, அதாவது கணவர் உங்களிடம் வன்முறை செய்யக் கூடாது என்று நீதிமன்றம் போடும் உத்தரவு, கேட்கலாம். வீடு கணவர் பேரில் இருந்தாலும் மாமியார் பேரில் இருந்தாலும் நீங்கள் வாழ்ந்துவரும் வீட்டில் தங்க உங்களுக்கு உரிமை உண்டு. நீதிபதி இருவரையும் ஆலோசனைக்கு அனுப்பவும் முடியும். இந்தச் சட்டத்தின்கீழ், பாதுகாப்பு ஆணையை மீறினால்தான் அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், மனு எழுத அவர் உதவுவார். வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. பெண்கள் உதவி எண் 181.

பையனைப் பிடுங்கிக்கொள்வார்களா என்ற கேள்விக்கு: 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும். சில நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வந்தால் உங்கள் உரிமை எதுவும் போய்விடாது. பையனின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், வங்கிப் புத்தகம், நகை ரசீது இவற்றின் நகலை இப்போதே அம்மா வீட்டில் வைத்துவிடுங்கள். தள்ளியதில் காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி, எப்படி வந்தது என்பதை உள்ளபடியே சொல்லிப் பதிவு செய்யுங்கள். 'வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லாதீர்கள்.

கழுத்தில் கை வைத்தால், கத்தியையோ மண்ணெண்ணெயையோ எடுத்தால், கொன்றுவிடுவேன் அல்லது செத்துவிடுவேன் என்று மிரட்டினால், பிள்ளை மீது கை வைத்தால் டாக்டர், பேச்சுவார்த்தை எதற்கும் காத்திருக்க வேண்டாம். வெளியே வந்து 112ஐ அழையுங்கள். தட்டில் தொடங்கியது போனுக்கு வந்து, போனிலிருந்து உங்கள் தோளுக்கு வந்திருக்கிறது. இந்த வரிசையை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

கையெழுத்துக்குக் கீழே நீங்கள் எழுதியது

கரண்டியால் அடித்தது தவறுதான். அதை நீங்களே தெரிந்து எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அது நடந்தது எப்போது? கணவர் போனை உடைத்த மறுநாள், இரவெல்லாம் தூங்காமல், காலையில் பையன் உருண்டபோது. கைக்கு எட்டிய ஆள் அவன்தான். உங்கள் கணவர் கம்பெனி கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதுபோலவே இதுவும் நடந்திருக்கிறது. உங்களைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. நீங்களும் இந்த வீட்டில் பாதிக்கப்பட்டிருக்கிறீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவனிடம் சொல்லுங்கள்: "அம்மா அன்னைக்கு உன்னை அடிச்சேன். அது தப்பு. உனக்கு வலிச்சிருக்கும். இனிமே அம்மாவுக்குக் கோபம் வந்தா ரூமுக்குள்ள போய் உக்காந்துக்குவேன்." அவ்வளவுதான். 'ஆனா நீயும் அப்படிப் பண்ணலாமா' என்று கூடவே ஒட்டவைக்காதீர்கள். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு இது புரியும். பெரியவர்கள் தவறு செய்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அவன் அந்த வீட்டில் வேறு எங்கே பார்க்கப்போகிறான்?

தூக்கம் வருவதில்லை, எதிலும் மனம் ஒட்டுவதில்லை, சமைக்கும்போதே அழுகை வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது இரண்டு வாரத்துக்கு மேலாக இருக்கிறது என்றால் மருத்துவரிடம் போக வேண்டியவர்களின் பட்டியலில் மகனுக்கும் கணவருக்கும் பிறகு உங்கள் பெயரை எழுதாதீர்கள். கணவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம், அதற்கு அவருடைய சம்மதம் தேவையில்லை. பையனின் ரத்தப் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்குப் போகும் அன்றே அங்குள்ள மனநலப் பிரிவிலும் ஒரு சீட்டு போட்டுக்கொள்ளுங்கள்.